காருக்கு ஆவி பிடித்த கதை

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இது எத்தனையாவது வளைவு என்று பலகை வைத்திருக்கிறார்கள். திருச்சியிலிருந்து கிளம்பும்போதே அந்தப் பலகைகளை எண்ணப் போவதாக என் மகன் அறிவித்துவிட்டான். 37 வரைக்கும் சத்தமாக எண்ணினான். 38-ல் குரல் இறங்கியது. 40-ல் சத்தமே இல்லை.

"ஏங்க, ஓரமா நிறுத்துங்க, புள்ள மூஞ்சி சரியில்ல."

இடம் பார்த்து நிறுத்தியது 42-ல். 41-லேயே எல்லாம் முடிந்துவிட்டது. முசிறியில் குடித்த பால், ஒன்றரை இட்லி, ஒரு வாழைப்பழம். விழுந்த இடம் பின் சீட்டின் நடுப்பகுதி, சாய்மானமும் உட்காரும் மெத்தையும் சேருகிற அந்த இடுக்கு. கை நுழையும், துணி நுழையாது. அந்த மாதிரி இடம்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைத்தோம். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் வெயிலில் நாள் முழுக்கக் கண்ணாடி ஏற்றி நின்ற வண்டியின் கதவை மாலை ஐந்தரைக்குத் திறந்தேன். அன்றைக்கு நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன் என்று சொன்னால் மிகை இல்லை.

தெரு முனையில் வழக்கமாக வாட்டர் சர்வீஸ் செய்கிறவரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். "மேலாப்புல சோப்பு போட்டுத் தொடச்சுத் தரலாண்ணே. பஞ்சுக்குள்ள எறங்கியிருந்தா சீட்டக் கழட்டித்தான் ஆவணும்." அடுத்து ஒரு டீடெய்லிங் கடை. அங்கே உள்பக்கம் முழுக்க ஸ்டீம் அடித்துச் சுத்தம் செய்ய 4,500 ரூபாய் கேட்டார்கள். ஒரு தடவைக்கு. பையனுக்கு வயது எட்டு. இன்னும் எத்தனை மலை, எத்தனை வளைவு, எத்தனை பால் டம்ளர் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் காசுக்கு மெஷினையே வாங்கிவிடலாமே என்று தோன்றியது. நடுத்தரக் குடும்பத்தில் பாதிச் செலவுகள் இப்படி ஒரு சிக்கனத்தில்தான் தொடங்குகின்றன.

அன்று இரவே மச்சானிடமிருந்து வாட்ஸப்பில் லிங்க் வந்தது. கையில் பிடிக்கிற துப்பாக்கி, அதோடு ஒரு குழாய், சின்னப் பெட்டி. அட்டையில் 2500 வாட், நொடியில் ஆவி, எல்லா அழுக்கும் போகும். விலை 2,700 ரூபாய். வீடியோவில் ஒரு கை ஆவியைக் காட்டியதும் எண்ணெய்ப் பிசுக்கு வெண்ணெய் மாதிரி உருகி ஓடுகிறது. வாங்கிவிட்டேன்.

எங்கள் அப்பார்ட்மெண்டில் கார் நிறுத்தும் இடம் கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவே. அங்கே சுவரில் இருப்பது ஒரே ஒரு 6 ஆம்ப்ஸ் பிளக், வாட்ச்மேன் போன் சார்ஜ் போடுவதற்கு. 2500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். இது பத்தாங்கிளாஸ் கணக்கு, எனக்கும் தெரியும். தெரிந்தும் வீட்டிலிருந்த ஜங்ஷன் பாக்ஸைச் செருகினேன். மூன்றாவது நிமிஷம் ஒரு வாசனை வந்தது. பால் வாசனை இல்லை, பிளாஸ்டிக் வாசனை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "கீசருக்கு இந்த ஒயர்ல லைன் எடுப்பீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் நான் பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே ஸ்டீம் கிளீனர் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வண்டி நிற்கிற இடத்தில் என்ன பிளக் இருக்கிறது என்று பாருங்கள். ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற 16 ஆம்ப்ஸ் பெரிய பிளக் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் அங்கே ஒரு பவர் பிளக் போடுகிற செலவையும், தடித்த ஒயரில் செய்த எக்ஸ்டென்ஷன் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 1200 வாட், 1500 வாட் மெஷின்கள்கூட 5 முதல் 6.5 ஆம்பியர் இழுப்பவை. 6 ஆம்ப்ஸ் பிளக்கில் அரை மணி நேரம் ஓட்டுகிற சமாச்சாரம் அல்ல. நான் கடைசியில் முதல் மாடிச் சமையலறை பால்கனியிலிருந்து ஒயரைக் கீழே இறக்கினேன். அசோசியேஷனில் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு உண்டு.

சரி, கரண்ட் கிடைத்தது. ஆவி அடித்தேன். இங்கேதான் இரண்டாவது முட்டாள்தனம், இதுதான் பெரியதும்கூட. நேராக அந்த இடுக்கில் வைத்து அடித்துவிட்டேன். புஸ்ஸென்று வெள்ளையாகப் புகை. நல்ல சூடு. கிருமியெல்லாம் செத்திருக்கும் என்று எனக்கு ஒரே திருப்தி. மறுநாள் கதவைத் திறந்தால், பழைய நாற்றத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, வெந்த நாற்றம். அம்மா கீழே வந்து எட்டிப் பார்த்தார். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"வேக வச்சிட்டியாடா?"

அவ்வளவுதான் விஷயம். பால், முட்டை, ரத்தம், வாந்தி இவையெல்லாம் புரதக் கறைகள். சூடு பட்டால் புரதம் இறுகும். முட்டையின் வெள்ளைக்கரு என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறோம். சீட்டின் நார்களுக்கு நடுவில் நடந்ததும் அதுதான். இந்த வகைக் கறைக்கு முதல் மருந்து பச்சைத் தண்ணீர். அதற்குப் பிறகு என்சைம் கலந்த துணி சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, ஈரத்தையும் உறிஞ்சுகிற வேக்கம் கிளீனரால் இழுத்து எடுக்க வேண்டும். இதை இரண்டு மூன்று தடவை செய்த பிறகுதான் ஆவிக்கே வேலை. சில கறைகளுக்கு அப்போதும் வேலை இல்லை. இதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. எழுபது வயது அம்மாவுக்கு மெஷினைத் தொடாமலேயே தெரிந்திருக்கிறது.

அடுத்த சந்தேகம் ஈரத்தைப் பற்றி. ஆவி அடித்தால் இவ்வளவு ஈரம் வருமா? சீட்டைக் கையால் அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் வந்தது. சமையலறையிலிருந்து அளவு ஜாடியை எடுத்து வந்து ஒரு சோதனை செய்தேன். அந்தத் துப்பாக்கி மெஷினில் சரியாக அரை லிட்டர் ஊற்றி, வாளிக்குள் முனையை வைத்து, விடாமல் அடித்தேன். நாலு நிமிஷத்தில் காலி. அதாவது நிமிஷத்துக்கு 125 மில்லி.

இப்போது கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறக்குறைய 293 கிலோஜூல் வேண்டும். கொதிக்கிற அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். அடுப்பில் ரசம் கொதி வர ஐந்து நிமிஷம், மறந்து விட்டால் வற்றிப்போக முக்கால் மணி நேரம், ஏறக்குறைய அதே விகிதம்தான். 2500 வாட் என்றால் நொடிக்கு 2.5 கிலோஜூல். அட்டையில் போட்டிருப்பது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு நிமிஷத்துக்கு 60 கிராம் தண்ணீரைத்தான் அந்த மெஷினால் ஆவியாக்க முடியும். என் மெஷின் வெளியே தள்ளியதோ 125. மீதி? வெந்நீர். நான் சீட்டுக்கு ஆவி பிடிக்கவில்லை, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டியிருக்கிறேன்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு ஸ்டீம் கிளீனர் விளம்பரங்களைப் படிப்பதே ஒரு பொழுதுபோக்கு ஆகிவிட்டது. வாட்டை 40-ஆல் வகுங்கள். வருகிற எண்தான் ஒரு நிமிஷத்துக்கு அந்த மெஷின் தொடர்ந்து தரக்கூடிய ஆவியின் உச்சம், கிராமில். 1500 வாட் என்றால் முப்பத்தெட்டு, நாற்பது. 1500 வாட்டைப் போட்டுவிட்டு நிமிஷத்துக்கு 100 கிராம் ஆவி என்று சொன்னால், கேட்டுக்கொண்டு அடுத்த அட்டையைப் பாருங்கள். அழுத்தத்தில் சேர்த்து வைத்திருக்கும் சூட்டால் முதல் சில நொடிகளுக்குக் கூடுதலாக வரலாம், அவ்வளவுதான்.

பார் என்று ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். 3 பார், 4 பார். நம் வீட்டு குக்கர் வெயிட்டைத் தூக்கி விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம். தண்ணீர் 120 டிகிரியில் இருக்கிறது. 3 பார் என்றால் உள்ளே 143 டிகிரி. கேட்க மிரட்டலாக இருக்கும். ஆனால் அந்த 143 பாய்லருக்குள்ளேதான். முனையிலிருந்து வெளியே வந்த கணமே அழுத்தம் விழுந்துவிடும், காற்றோடு கலந்து சூடும் மளமளவென்று இறங்கும். ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டினால் வெதுவெதுப்புதான். (நீட்டாதீர்கள். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது தனக்குள் வைத்திருந்த அந்த 2,257-ஐயும் தோலில்தான் இறக்கும். வெந்நீர்ச் சூட்டைவிட ஆவிச் சூடு மோசம் என்று சமையலறையில் சொல்வது இதனால்தான்.) ஆகவே 3 பாருக்கும் 4 பாருக்கும் இடையே ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கேட்க வேண்டியது, வருகிற ஆவி எவ்வளவு உலர்ந்து வருகிறது என்பதுதான்.

உலர்ந்த ஆவி என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் இட்லி சுடுகிறவர்களுக்கு இது புதிது அல்ல. இட்லிப் பானையில் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் இட்லி சொதசொதவென்று போய்விடும், அதற்குத்தான் துணி. நல்ல ஆவி கண்ணுக்கே தெரியாது. கெட்டில் மூக்கை உற்றுப் பாருங்கள்: வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒரு விரற்கடை வெறுமை இருக்கும். அந்த வெறுமைதான் ஆவி. வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து திவலையானது. மெஷினிலும் அப்படித்தான். முனையிலிருந்து வெளியே வரும்போதே வெள்ளையாகக் கொட்டினால், பக்கத்திலேயே துளி தெறித்தால், அது ஈர மெஷின். முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி வெள்ளை ஆரம்பித்தால் நல்ல ஜாதி.

இரண்டாவது மெஷின் வாங்கக் கடைக்கு நேரில் போனேன். பையில் ஒரு எவர்சில்வர் தட்டு. கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஓட விட்டுக் காட்டச் சொல்லி, ஒரு சாண் தள்ளி தட்டைப் பிடித்து ஐந்து வரை எண்ணினேன். அவன் முதலில் ஓட்டிய மெஷினில் தட்டில் தண்ணீர் ஓடியது. அடுத்ததில் பனி படிந்த மாதிரி மங்கலாகி, எடுத்ததும் சில நொடியில் காய்ந்தது. அதையே வாங்கினேன். கடைகளில் ஓட்டிக் காட்ட மறுத்தால் ஆன்லைனில் வாங்கியவர்கள் போட்ட வீடியோக்களில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். பின்னணி இசையையும் உருகுகிற வெண்ணெயையும் விட்டுவிடுங்கள்.

மலிவு விலையில் நம் ஊரில் கிடைப்பவை மூன்று ஜாதி. ஒன்று, கூஜா மாதிரி கையில் பிடிக்கிற சின்னது. கால் லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்குள் பிடிக்கும், 1000 வாட் பக்கம். உள்ளே பாய்லர் இருப்பதால் ஆவி பரவாயில்லை. ஆனால் தண்ணீர் தீர்ந்ததும் உடனே மூடியைத் திறக்க முடியாது. குக்கரைப் போலவே அழுத்தம் அடங்க வேண்டும். ஏசி துவாரம், ஸ்டியரிங், கியர் சுற்று இவற்றுக்கு மட்டும் என்றால் இது போதும். முழு வண்டிக்கும் என்றால் அடித்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரம் கூட. இன்னொன்று, நான் முதலில் ஏமாந்தது: பம்ப் வைத்து, சூடான குழாய் வழியாகத் தண்ணீரைத் தள்ளுகிற ஜாதி. சீக்கிரம் தயார், நடுவில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். பம்பின் வேகம் ஹீட்டரின் சக்திக்கு மேல் போனால் துப்பத் தொடங்கும். சமையலறை ஓடு, எக்ஸாஸ்ட் ஃபேன், பாத்ரூம் இடுக்கு இங்கெல்லாம் துப்பினாலும் குற்றமில்லை. கார் சீட்டு அப்படி இல்லை.

மூன்றாவது ஜாதி தரையில் வைக்கிற பெட்டி. ஒரு லிட்டரோ அதற்கு மேலோ பிடிக்கும் பாய்லர், அதிலிருந்து நீளக் குழாய், கைப்பிடியில் விசை. கார்ச்சர் எஸ்சி 2 இந்த வகைக்கு ஓர் உதாரணம்: 1500 வாட், 1 லிட்டர், 3.2 பார். கணக்குப் போட்டுப் பாருங்கள், நிறுத்தாமல் அடித்தால் 25 நிமிஷம். விட்டுவிட்டு அடித்தால் அதற்கு மேல். நான் வாங்கியது வேறொன்று, 1800 வாட், 1.2 லிட்டர், 8,400 ரூபாய். சூடாக ஏழெட்டு நிமிஷம் ஆகிறது. அந்த நேரத்தில்தான் மிதியடிகளை எடுத்து உதறுகிறேன், சீட்டுக்கு அடியில் வேக்கம் போடுகிறேன், அதனால் காத்திருப்பதாகத் தெரியவில்லை. பாட்டரி டார்ச் வெளிச்சத்தில் சீட்டுத் தண்டவாளத்தில் மூன்று வருஷத்துப் பொரி கிடைத்தது, அது தனிக்கதை.

வாங்கும்போது இன்னும் இரண்டு சில்லறை விஷயம் பாருங்கள். பெட்டியிலிருந்து போகும் குழாய் இரண்டு மீட்டராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் சூடான பெட்டியையே சீட்டில் வைக்க வேண்டி வரும். மூடியின் ரப்பர் காஸ்கெட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். குக்கரில் முதலில் போவது காஸ்கெட்தான். இதிலும் அதுதான் போகும். முப்பது ரூபாய் ரப்பர் கிடைக்காமல் எட்டாயிரம் ரூபாய் மெஷின் பரணில் ஏறக்கூடாது. கூடவே தரும் பித்தளைக் கம்பி பிரஷ்ஷை அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், டேஷ்போர்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள்; கீறல் போகாது.

இனி வேலை. எல்லா மெஷினும் முதல் அமுக்கலில் குழாயில் தேங்கியிருந்த தண்ணீரைத்தான் துப்பும். அதை வாளிக்குள் விட்டுவிடுங்கள். நான் இப்போது முனைக்கு மேல் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் அடிக்கிறேன். திவலையைத் துணி குடித்துவிடும், சூடு மட்டும் போகும். இட்லித் துணித் தத்துவம். இரண்டு நொடி ஆவி, உடனே வேறு காய்ந்த துணியால் ஒரு இழுப்பு. இதுதான் மொத்த வித்தையும். ஆவி அழுக்கை எங்கேயும் கொண்டுபோகாது, இளக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதை வண்டியை விட்டு வெளியேற்றுவது துணி. துணி கறுத்ததும் மடிப்பு மாற்ற வேண்டும். மாற்றாமல் தேய்த்தால் ஸ்டியரிங் அழுக்கைக் கதவுக்குக் குடிமாற்றியதுதான் மிச்சம். ஒரு வண்டிக்கு எனக்குப் பதினைந்து துணி ஆகிறது. மெஷினுக்கு 12,000 வரை போகலாமா என்று யோசிப்பவர்கள், எட்டாயிரத்தில் நிறுத்திவிட்டு மீதியில் இரண்டு டஜன் துணியும் ஈரம் உறிஞ்சும் வேக்கம் கிளீனரும் பார்க்கலாம். என் சீட்டை உண்மையில் காப்பாற்றியது அந்த வேக்கம் கிளீனர்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பச்சைத் தண்ணீரும் சோப்பும் ஊற்றி இழுத்து, மொட்டை வெயிலில் கதவுகளைத் திறந்து வைத்துக் காய வைத்தேன். தொட்டி நிறைய வந்த கலங்கல் தண்ணீரைப் பையன் எட்டிப் பார்த்து, "இது நானா?" என்றான்.

ஆவி அபாரமாக வேலை செய்த இடங்கள் நான் எதிர்பார்க்காதவை. ஏசி துவாரத்தின் தகடுகளுக்கு நடுவே போன வருஷ ஆயுத பூஜைச் சந்தனம் கல்லாகக் காய்ந்து கிடந்தது. குச்சி, பிரஷ், ஊசி எதற்கும் அசையாதது, இரண்டு நொடி ஆவிக்குக் குழைந்து துணியில் ஒட்டிக்கொண்டது. கதவுக் கைப்பிடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, ஸ்டியரிங்கின் பள்ளங்களில் கறுப்பு, சீட்டு தையலில் ஒட்டிய மிட்டாய், எல்லாம் அப்படியே.

அந்த உற்சாகத்தில் டேஷ்போர்டில் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டேன். பிள்ளையார் நின்றுகொண்டிருந்தார். ஆறு வருஷமாக, இரட்டைப் பக்க டேப்பில். சுற்றியிருந்த குங்குமத்துக்கு ஆவி காட்டினேன். பிள்ளையார் மெதுவாக முன்னால் சாய்ந்து, கியர் பக்கம் உருண்டு போனார். மேலே பால்கனியிலிருந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "சாமியவே தள்ளி விட்டுட்டியேடா" என்றார். சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

ஆனால் பிள்ளையார் என்னைப் பெரிய செலவிலிருந்து காப்பாற்றினார். ஏனென்றால் அடுத்து நான் கூரைக்குத்தான் போவதாக இருந்தேன். காரின் மேல்கூரைத் துணி, மெல்லிய ஸ்பாஞ்சோடு சேர்த்துப் பசையால் ஒட்டியது. சூடு பட்டால் டேப் விட்டுக்கொடுத்த மாதிரியே அந்தப் பசையும் விட்டுக்கொடுக்கும். துணி தொட்டில் மாதிரி தொங்கும். குஷன் கடைக்காரரிடம் போனால் முழுதாகப் பிரித்துத்தான் ஒட்டுவார். கூரைக்கு லேசாக ஈரமான துணி போதும். டச் ஸ்க்ரீன், கண்ணாடி இறக்கும் பொத்தான்கள், ஸ்பீக்கர் ஜாலி இவற்றுக்கும் ஆவி காட்டாதீர்கள். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அந்தப் பக்கமே வேண்டாம். சீட் பெல்ட்டுக்கு மிதமான சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். அது உயிர் சம்பந்தப்பட்ட நாடா, அதில் சோதனை செய்ய வேண்டாம். தோல் மாதிரி இருக்கும் ரெக்சின் சீட்டில் ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் சுருங்கும். சீட்டுக்குக் கீழே மறைவான மூலையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஒரு வார்த்தை வாசனையைப் பற்றி. ஏசி போட்டதும் முதல் நிமிஷம் புளிச்ச வாடை வருகிறது, அதற்கு ஸ்டீம் வாங்கப் போகிறேன் என்று ஒரு நண்பர் கிளம்பினார். நிறுத்தினேன். அது டேஷ்போர்டுக்குள் ஆழத்தில் இருக்கும் குளிர்ச்சுருளில் சேர்ந்த ஈரமும் பூஞ்சையும். துவாரத்தில் அடிக்கிற ஆவி அதுவரைக்கும் போய்ச் சேராது. அவர் வண்டியில் கிளவ் பாக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டரை எடுத்துப் பார்த்தோம். அரச இலை, பஞ்சு, ஒரு பல்லி எலும்புக்கூடு. 350 ரூபாய் ஃபில்டரில் வாடையில் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு சர்வீஸ் சென்டர்.

தண்ணீர் விஷயத்தில் திருச்சிக்காரர்களுக்கு இரட்டை வாழ்க்கை. கார்ப்பரேஷன் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒன்று, போர் தண்ணீர் ஒன்று. போர் தண்ணீரில் வெந்நீர் வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். பாய்லருக்குள்ளும் அதேதான் படியும், ஆனால் அங்கே தேய்க்கக் கை போகாது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் உள்ளேயே தங்கும். ஒவ்வொரு லிட்டருக்கும் கூடிக்கொண்டே போய், ஒரு நாள் முனையின் சின்னத் துளையை அடைக்கும். நான் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறேன். இன்வெர்ட்டருக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றலாம் என்பார்கள். சில மெஷின்களில் தண்ணீர் அளவைக் கண்டுபிடிக்கும் சென்சாருக்குத் தண்ணீரில் கொஞ்சமாவது உப்பு வேண்டும், அதனால் கூட வந்த புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது மெஷினை முழுக்க ஆற விட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். எலுமிச்சை உப்பு போட்டு ஊற வைக்கலாமா என்பதையும் அந்தப் புத்தகமே சொல்லும். வாசனைக்கு என்று தைலம், ஷாம்பு, பினாயில் எதையும் உள்ளே ஊற்றாதீர்கள். என் மச்சான் ஊற்றினான்.

கரண்ட் செலவு பற்றிக் கேட்டீர்கள் என்றால், 1800 வாட் மெஷினை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டினால் 1.8 யூனிட். ஒரு வண்டிக்கு அதற்கு மேல் ஆகாது. முடித்ததும் கதவு நாலையும் திறந்து இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும், மழைக்காலத்தில் அரை நாள். ஐப்பசி, கார்த்திகையில் சீட்டுக்கு ஆவி அடிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நாற்றம் போக்கப் போய் பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மாசி, பங்குனி வெயில்தான் இதற்கு உகந்த காலம்.

மெஷின் இப்போது பெரும்பாலும் சமையலறையில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு அடுப்பு மேடையின் மூலைகளுக்கும் கிரைண்டரின் அடிப்பாகத்துக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. எனக்குக் கார் துடைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய துப்பாக்கி மெஷின் பாத்ரூம் ஓட்டு இடுக்குகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, அங்கே அது எவ்வளவு துப்பினாலும் யாரும் கோபப்படுவதில்லை.

வருகிற மாதம் மறுபடி கொல்லிமலை. பையனுக்கு விட்ட இடத்திலிருந்து, அதாவது 41-லிருந்து, எண்ண வேண்டுமாம். பின் சீட்டுக்கு ரப்பர் ஷீட் வாங்கி வைத்திருக்கிறேன், 220 ரூபாய். முசிறியில் நிறுத்துவதாக இல்லை.